வாஷ்பேசின் ஓரத்து இடுக்குக்குப் புதிய சிலிக்கான்: முதல்முறை செய்பவர்களுக்கு

முதல் தடவை எங்கள் வீட்டு வாஷ்பேசினுக்கு நான் சிலிக்கான், அதாவது இடுக்கை அடைத்து ரப்பராகக் காயும் பசை, போட்டு முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஹார்டுவேர் கடையில் ட்யூப் வாங்கி வந்தேன், பழைய ஓரத்தின் மேலேயே ஒரு சுற்றுப் பிதுக்கினேன், விரலால் வழித்துவிட்டேன். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஐந்தாவது வாரம், பல் தேய்த்துவிட்டு வந்த அம்மா கையில் வெள்ளையாக நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு நின்றார். “இது என்னடா, பேசின்லேர்ந்து உரிஞ்சு வருது?” நான் போட்ட சிலிக்கான்தான். பாம்புச் சட்டை மாதிரி ஒரே துண்டாக வந்திருந்தது.

காரணம் சாதாரணமானது. காய்ந்துபோன பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் சரியாக ஒட்டாது. ஈரத்தின் மேல் ஒட்டாது, சோப்புப் படலத்தின் மேலும் ஒட்டாது. நான் இந்த மூன்றின் மேலும் சேர்த்துப் போட்டிருந்தேன். இரண்டாவது தடவை ஒரு சனிக்கிழமை மாலை ஆரம்பித்து திங்கட்கிழமை காலைதான் குழாயைத் திறந்தேன். அதில் ட்யூப் கையில் இருந்தது கால் மணி நேரம். மீதியெல்லாம் சுரண்டுவது, துடைப்பது, காய விடுவது. அதனால் இந்தக் கட்டுரையிலும் பிதுக்குவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதற்கு முந்தைய வேலையைப் பற்றி நிறையவும்தான் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பேசினுக்குக் கீழே ஈரமாக இருக்கிறது என்றதும் ஓரத்து இடுக்கின் மேல் பழி போட்டுவிடுகிறோம். பல வீடுகளில் அது நிரபராதி. பேசினின் அடி ஓட்டையில் பொருத்தியிருக்கும் வேஸ்ட் கப்ளிங்கின் வாஷர் தளர்ந்திருக்கலாம். அதற்குக் கீழே பாட்டில் வடிவில் தொங்கும் கழிவுநீர்க் குழாயான பாட்டில் ட்ராப்பின் மரை சரியாக உட்காராமல் இருக்கலாம். சுவரில் தண்ணீரை மூடித் திறக்க இருக்கும் ஆங்கிள் காக்கிலிருந்து குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் பைப் முனையில் சொட்டு வரலாம். குழாய் பேசின் மேலேயே நிற்கும் வகையாக இருந்தால் அதன் அடிவட்டம் வழியாகவும் இறங்கும். இவற்றில் எதையும் ஓரத்துச் சிலிக்கான் சரிசெய்யாது.

கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். பேசினுக்கு அடியில் இருக்கும் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விடுங்கள், துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். அந்தத் தண்ணீரை ஓரம் நனையாமல் பேசினின் நடுவில் மெதுவாக ஊற்றுங்கள். செய்தித்தாளில் நீலம் தெரிந்தால் கப்ளிங்கோ ட்ராப்போதான் கசிகிறது. சிலிக்கான் வாங்கப் போகாமல் அதை முதலில் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லையென்றால் ஆங்கிள் காக், கனெக்‌ஷன் பைப், குழாயின் அடி ஆகியவற்றைக் காய்ந்த டிஷ்யூவால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அதிலும் ஈரம் இல்லையா? கடைசியாக ஒரு ஸ்பூனால் நீலத் தண்ணீரை ஓரத்து இடுக்கு நெடுக விடுங்கள். இப்போது தாளில் பொட்டு விழுந்தால் இடுக்குதான் குற்றவாளி. எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பேசினின் முன் விளிம்பைக் கையால் லேசாக அழுத்துங்கள். ஆடுகிறதா? சுவரில் தொங்கும் பேசினாக இருந்தால் அதைத் தாங்குவது சுவருக்குள் போகும் போல்ட்டோ, அடியில் இருக்கும் இரும்புத் தாங்கியோதான். ஆடுகிற பேசினுக்குச் சிலிக்கான் போட்டால் அது இடுக்கை அடைக்குமே தவிர பேசினைத் தாங்காது. போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும். அதையும் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். பீங்கான் கீறல் விட்டால் மொத்த பேசினையும் மாற்ற வேண்டியதுதான். சுவரே பொடிந்து போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கிரானைட்டுக்கு அடியில் ஒட்டித் தொங்கவிட்டிருக்கும் பேசின் கீழே இறங்கியிருந்தாலும் அப்படித்தான். அதை முட்டுக் கொடுத்துத் தூக்கி ஒட்ட வேண்டும். தனி ஆளாக வேண்டாம்.

ஒயிட் சிமெண்ட் ஏன் வெடிக்கிறது

நம் ஊரில் பாதி பேசின்களின் ஓரத்தில் இருப்பது சிலிக்கானே அல்ல, ஒயிட் சிமெண்ட். டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரி கையோடு பேசின் ஓரத்தையும் பூசிவிட்டுப் போயிருப்பார். முதல் ஆறு மாதம் அழகாக இருக்கும். அப்புறம் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். யாராவது ஊன்றி நின்றால், கனமான வாளியை வைத்தால், பேசின் கண்ணுக்குத் தெரியாத அளவு அசையும். சுவரும் பேசினும் வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. சிமெண்டுக்கு வளையத் தெரியாது, அதனால் வெடிக்கிறது. இரண்டு உருண்டைகளைப் பிசைந்து அப்பும் எபாக்சி மாவும் இதே ரகம்தான், கல்லாகிவிடும். சிலிக்கான் ரப்பர் மாதிரி இழுபடும், திரும்பி வரும். இந்த இடத்துக்கு அது பொருந்துவதற்குக் காரணம் அந்தக் குணம்தான்.

கடையில் கேட்க வேண்டியது

“கிளியரா, ஒயிட்டா சார்?” என்று மட்டும்தான் கடைக்காரர் கேட்பார். நாம் கேட்க வேண்டியது அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: அசிட்டிக்கா, நியூட்ரலா?

அசிட்டிக் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறினால் அது இந்த வகை. விலை குறைவு, சீக்கிரம் காயும், பீங்கானையும் வழவழப்பான டைல்ஸையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மார்பிள், சிமெண்ட் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள பரப்புகளோடு அந்த அமிலம் வேலை செய்ய ஆரம்பித்துவிடும்; பிடிப்பும் போகும், மார்பிளும் பாழாகும். பித்தளை, செம்பு போன்ற உலோகங்களையும் அரிக்கும். நியூட்ரல் வகையில் அந்த வாடை இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. விலை கொஞ்சம் கூடுதல், காய நேரமும் கூடுதல்.

பீங்கான் பேசின், பளபள டைல்ஸ் சுவர் என்றால் அசிட்டிக் போதும். கல் பலகையில் உட்காரும் பேசின் என்றால் நியூட்ரலே வாங்குங்கள். அதிலும் இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. சில சிலிக்கான்களிலிருந்து எண்ணெய்ப் பசை கல்லுக்குள் ஊறி, ஓரம் நெடுக நனைந்தது போல ஒரு கறுப்புக் கோடு விழும். கறுப்பு கிரானைட்டில் அது தெரியாது. வெளிர் நிறக் கல்லில் நன்றாகத் தெரியும், துடைத்தாலும் போகாது.

சானிட்டரி என்று போட்டிருக்கும் ட்யூபில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். குளியலறைக்கு அதுதான். அக்ரிலிக் சீலண்ட் என்று ஒன்றும் அதே அலமாரியில் இருக்கும். மேலே பெயிண்ட் அடிக்கலாம் என்பது அதன் வசதி. சதா தண்ணீர் தெறிக்கும் பேசின் ஓரத்துக்கு அது சரிப்படாது. சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். என் அனுபவத்தில் வெள்ளை பேசினும் வெள்ளை டைல்ஸும் சேரும் இடத்தில் வெள்ளை நன்றாக இருக்கும். கறுப்புக் கல்லில் கிளியர். ஆனால் கிளியர் போடுகிறீர்கள் என்றால் சுரண்டும் வேலை இரண்டு மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும். பின்னால் விட்ட அழுக்கெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது போலத் தெரியும்.

ட்யூபின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். வெயில் காயும் குடோனில் பழசாகிப்போன ட்யூபிலிருந்து வரும் சிலிக்கான் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும், காயாது. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் பட்டாணி அளவு பிதுக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மேலே தோல் கட்டியிருக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் உயரத்தில் முக்கோணமாக ஓரத்தில் போட்டால் ஒரு மீட்டருக்கு 18 மில்லிலிட்டர்தான் செலவாகும். ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள பேசினுக்கு 27. விசையை அழுத்தினால் ட்யூபைத் தள்ளும் துப்பாக்கி மாதிரியான ‘கன்’னில் போடும் பெரிய ட்யூப் 280 மில்லிலிட்டர் அல்லது அதற்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் மூன்று பேசின் இருந்தாலும் மிச்சம்தான். பற்பசை மாதிரி கையால் பிதுக்கும் சின்ன ட்யூபும் கிடைக்கிறது. ஆனால் கை நடுங்கினால் கோடும் நடுங்கும். கன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது வீண்போகாது. தள்ளும் கம்பி பற்களோடு இருப்பதைவிட வழவழப்பாக இருப்பது சீராகத் தள்ளும்.

இவற்றோடு மாஸ்கிங் டேப், மடக்கிவிடும் பிளேடு கத்தி, ஐஸ்கிரீம் குச்சி, ஒரு கட்டு டிஷ்யூ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம். கடைசியில் சொன்னது மருந்துக்கடையில் கிடைக்கும், செல்போன் ரிப்பேர் செய்பவர்களும் வைத்திருப்பார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிட்டைசர் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள். அது பரப்பில் தங்கிவிடும்.

சுரண்டுதல்

சனிக்கிழமை மாலை, எல்லோரும் குளித்து முடித்த பிறகு ஆரம்பியுங்கள். ஆங்கிள் காக்கை மூடிவிடுங்கள். பேசினின் அடி ஓட்டையைத் துணியால் அடைத்து வையுங்கள். சுரண்டிய துண்டெல்லாம் ட்ராப்பில் போய் உட்கார்ந்தால் அடுத்த வாரம் அது தனி வேலையாகிவிடும்.

பழைய சிலிக்கானாக இருந்தால் பேசினை ஒட்டி ஒரு வெட்டு, சுவரையோ கல்லையோ ஒட்டி ஒரு வெட்டு. கத்தியைப் பரப்போடு படுத்தவாறு பிடியுங்கள். இரண்டு வெட்டும் விழுந்ததும் ஒரு முனையை நெம்பி இழுத்தால் கயிறு மாதிரி வரும். நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தில் வராது, அங்கே சின்னச் சின்னத் துண்டாக எடுக்க வேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டை மூலைவாக்கில் வெட்டி வைத்துக்கொண்டால் இடுக்குக்குள் நுழைந்து தள்ள வசதியாக இருக்கும். பேசின் பீங்கானாக இல்லாமல் அக்ரிலிக்காக இருந்தால் இரும்புப் பிளேடு படவே கூடாது, கார்டு மட்டும்தான். பீங்கானில் பிளேடு உரசிக் கறுப்புக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். அது கீறல் அல்ல, இரும்பின் தடம். பற்பசை தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

ஒயிட் சிமெண்ட் என்றால் வேறு கதை. பழைய ஸ்க்ரூடிரைவரின் நுனியை வெடிப்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருகுங்கள். பொருக்குப் பொருக்காக வரும். சுத்தியல் எடுக்காதீர்கள். ஒரே தட்டில் பேசின் விளிம்பில் பிறை வடிவில் சில்லு தெறித்ததை நான் பார்த்திருக்கிறேன், தட்டியதும் நான்தான். முழு ஆழத்துக்கும் எடுக்க வேண்டியதில்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, இரண்டு பக்கமும் சுத்தமான பரப்பு தெரிகிற மாதிரி எடுத்தால் போதும். எங்கள் பக்கம் போர் தண்ணீர், கடும் உப்பு. பழைய ஓரத்தின் மேல் உப்பு படிந்து கல் மாதிரி இறுகியிருந்தது. அதையும் சிமெண்டோடு சேர்த்துச் சுரண்டித்தான் எடுத்தேன். கிரானைட், மார்பிள் இருக்கும் இடத்தில் உப்புக்கறைக்காக ஆசிட் ஊற்றாதீர்கள். பளபளப்பு போனால் திரும்பி வராது.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகும் சிலிக்கானின் மெல்லிய படலம் மிச்சம் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீரே போதும். விரலை நனைத்து ஓரம் நெடுகத் தடவிவிட்டுப் பாருங்கள். சுத்தமான பீங்கானில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். படலம் மிச்சம் இருக்கும் இடத்தில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு திரளும். திரளும் இடத்தையெல்லாம் மறுபடி பிளேடால் வழித்து எடுங்கள். எனக்கு மூன்று சுற்று ஆயிற்று. மூன்றாவது சுற்றில்தான், நான் சுத்தம் என்று நினைத்திருந்த இடத்திலிருந்து முடிச் சுருள் போல வெள்ளையாகச் சுருண்டு வந்தது.

கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. சோப்பு அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு விருந்து. சிலிக்கானுக்குள் வேர் விட்ட பூஞ்சையை வெளியே தேய்த்துப் போக்க முடியாது. எடுத்துப் போட்டுவிட்டோம், சரி. இடுக்குக்குள் மிச்சம் இருப்பதைக் கொல்ல, வீட்டில் பயன்படுத்தும் ஹைப்போகுளோரைட் பிளீச்சைத் தண்ணீர் கலந்து பழைய டூத்பிரஷால் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். முக்கியமான ஒன்று: பிளீச்சும் பாத்ரூம் ஆசிட்டும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். காலையில் ஆசிட் ஊற்றிக் கழுவிய குளியலறையாக இருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் பிளீச்சைத் தொட வேண்டும். அதைவிட, அன்றைக்கு ஆசிட்டே வேண்டாம்.

காய விடுங்கள்

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், இடுக்குக்குள் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். டிஷ்யூவை நாலாக மடித்துக் கார்டால் உள்ளே தள்ளி இழுத்துப் பாருங்கள், தெரியும். இரவு முழுக்க டேபிள் ஃபேனைக் குளியலறை வாசலில், ஈரம் படாத இடத்தில் வைத்துப் பேசினைப் பார்த்து ஓட விடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் காலையில் பத்து நிமிடம் அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரே ஊறி நிற்கும் வீடாக இருந்தால் இந்த வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலிக்கான் காய்வதற்குக் காற்றில் இருக்கும் ஈரம்தான் வேண்டும். பெயிண்ட் போலத் தண்ணீரோ கரைப்பானோ ஆவியாகி அது காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு வினை புரிந்து மேலிருந்து உள்நோக்கி ரப்பராக மாறுகிறது. சென்னைக் காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒட்டுகிற பரப்பில் ஈரம் இருந்தால் பிடிக்காது. காற்றில் ஈரம் இருக்கலாம், கல்லில் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல், அப்பா காலை ஐந்து மணிக்கு அரைத் தூக்கத்தில் வந்து குழாயைத் திறப்பார். அதனால் ஆங்கிள் காக்கை மூடியதோடு, குழாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து டேப் சுற்றி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் குவளையும் வைத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தபோது பையைப் பாதி பிரித்திருந்தார். தண்ணீர் வராததால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பிதுக்கும் கால் மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை. டிஷ்யூவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு இடுக்கின் இரண்டு பக்கமும் துடையுங்கள். அழுக்கான டிஷ்யூவைத் திருப்பித் திருப்பித் துடைத்தால் அழுக்கைப் பரப்புவதுதான் மிச்சம், புதிது எடுங்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் ஊதுபத்திகூட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இதற்குப் பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

இடுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகவோ, அடி தெரியாத ஆழமாகவோ இருந்தால் அப்படியே சிலிக்கானால் நிரப்பாதீர்கள். அலுமினியம் ஜன்னல் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் உருண்டையான ஃபோம் கயிறு கிடைக்கும். இடுக்கைவிடச் சற்றுப் பருமனானதை வாங்கி உள்ளே அழுத்தி வைத்து, அதன் மேல் சிலிக்கான் போடுங்கள். ட்யூப் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சிலிக்கான் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பர் பேண்ட் போல இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் கிழியும். செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பவர்கள் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே மக்கும், அதை மோப்பம் பிடித்துக் கரப்பான் வரும்.

அடுத்தது மாஸ்கிங் டேப். பேசின் பக்கம் ஒரு பட்டை, சுவர் பக்கம் ஒரு பட்டை. நடுவில் எவ்வளவு அகலம் விடுகிறீர்களோ அதுதான் கடைசியில் தெரியப்போகும் கோடு. இடுக்கின் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டால் நன்றாக இருக்கும். வட்ட பேசினாக இருந்தால் டேப்பைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். பழகிய கைக்கு டேப் வேண்டாம். நமக்கு வேண்டும்.

சுவரில் தொங்கும் பேசின் என்றால் மேல் ஓரமும் இரண்டு பக்கமும் மட்டும் அடையுங்கள். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். என்றைக்காவது உள்ளே தண்ணீர் புகுந்தால் வெளியே வர ஒரு வழி வேண்டும், அது நம் கண்ணிலும் பட வேண்டும். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் தண்ணீர் சுவருக்குள் ஊறி அடுத்த அறையில் பெயிண்ட் உப்பும்போதுதான் தெரிய வரும். கல் பலகையில் உட்காரும் பேசினுக்கு முழுச் சுற்றும் போட வேண்டும். பேசினின் உட்புறம் மேலே இருக்கும் சின்ன ஓட்டையை மட்டும் யாரும் அழகு என்று அடைத்துவிடாதீர்கள். குழாயை மூட மறந்தால் வழியாமல் காப்பாற்றுவது அதுதான்.

ட்யூபின் தலையை வெட்டி, கூம்பு வடிவ முனையான நாசிலைத் திருகுங்கள். நாசில் நுனியை 45 பாகையில் சாய்த்து வெட்டுங்கள். முதலில் சின்னதாக வெட்டுங்கள், போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். பெரிதாக வெட்டிவிட்டால் சின்னதாக்க முடியாது. கன்னில் பொருத்திச் செய்தித்தாளில் ஓர் அடி நீளத்துக்கு இரண்டு மூன்று கோடு போட்டுப் பழகுங்கள். கை எவ்வளவு வேகத்தில் நகர்ந்தால் கோடு எவ்வளவு பருமனாக வருகிறது என்று ஒரு கணக்கு பிடிபடும்.

அப்புறம் பேசினுக்கு வாருங்கள். கை எட்டாத பின் மூலையில் ஆரம்பித்து முன்னால் வாருங்கள். நுனி இடுக்கைத் தொட்டபடியே இருக்க வேண்டும், அந்தரத்தில் இருந்து விழக் கூடாது. நிற்காமல், ஒரே வேகத்தில். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் மூலையில் நிறுத்துங்கள். கன்னின் பின்னால் இருக்கும் சின்ன இரும்புப் பட்டையைக் கட்டை விரலால் அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் கையை எடுத்த பிறகும் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும்.

மேலே தோல் கட்ட ஐந்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். அதற்குள் வழித்துவிட வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியின் வட்ட முனையைச் சாய்த்துப் பிடித்து, லேசாக அழுத்தியபடி ஒரே இழுப்பாக இழுங்கள். நுனியில் சேர்வதை டிஷ்யூவில் துடைத்துவிட்டுத் தொடருங்கள். அழுத்துவதால் சிலிக்கான் இடுக்குக்குள் போய் இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ளும், மேலே சற்றுக் குழிந்த வழவழப்பும் வரும். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழிப்பதுதான் பிளம்பர்களின் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் முழுச் சுற்றும் போட்டு முடித்த பிறகுதான் விரல் நனைய வேண்டும். இன்னும் போடாத இடத்தில் சோப்புத் தண்ணீர் சொட்டிவிட்டால் நேற்றிலிருந்து துடைத்ததெல்லாம் வீண். நான் குச்சிக் கட்சி. ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. இன்னும் கொஞ்சம் சரி பண்ணலாமே என்று மூன்றாவது தடவை போனால், கட்ட ஆரம்பித்த தோல் சுருங்கிப் பால் ஏடு மாதிரி திரண்டுவிடும்.

வழித்த கையோடு டேப்பை உரியுங்கள், காயும் வரை காத்திருக்கக் கூடாது. கோட்டிலிருந்து விலகும் திசையில் மெதுவாக, சாய்வாக இழுங்கள். டேப்பில் ஈரச் சிலிக்கான் அப்பியிருக்கும், அதை மடித்துப் போட ஒரு பையைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கையில் பட்டதைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் பரவும். காய்ந்த டிஷ்யூவில் நன்றாகத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். சட்டையில் பட்டால், அது இனிமேல் சிலிக்கான் போடும் சட்டை.

எப்போது குழாயைத் திறக்கலாம்

சிலிக்கான் ஒரு நாளைக்குத் தோராயமாக 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் காயும். மேலே தொட்டால் ஒட்டவில்லையே என்று அன்றைக்கே தண்ணீர் விட்டால் உள்ளே இன்னும் களிம்பாகத்தான் இருக்கும். 24 மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு, அப்புறம் கை கழுவ ஆரம்பிக்கலாம். பருமனாகப் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாளைக்குப் பேசின் மேல் ஊன்றுவது, பொருள் வைப்பது வேண்டாம். வினிகர் வாடை அடிக்கிற வரை அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பார்க்கும்போது எங்காவது ஒரு துளி ஓட்டை, ஒரு குமிழ் தெரியும். அங்கே மேலே கொஞ்சம் அப்பாதீர்கள். அந்த ஓர் அங்குலத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக நிரப்புங்கள். கோட்டுக்கு வெளியே பிதுங்கிக் காய்ந்ததைப் பிளேடால் சீவிவிடலாம்.

இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தித்தாளை விரித்து, நீலத் தண்ணீரை ஓரம் நெடுக விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் தாள் காய்ந்தே கிடந்தது. ஆனால் பேசினை நிரப்பித் திறந்துவிட்டபோது ட்ராப்புக்கு நேர் கீழே ஒரே ஒரு நீலப் பொட்டு விழுந்தது. அது வேறு கசிவு. குவளையால் ஊற்றிப் பார்த்தபோது தெரியாமல், மொத்தமாகத் தண்ணீர் இறங்கும்போது மட்டும் சொட்டியிருக்கிறது. பாட்டில் ட்ராப்பைக் கழற்றி வாஷரைத் திருப்பிப் போட்டதும் நின்றுவிட்டது. நீங்களும் முதல் சோதனையிலேயே ஒரு தடவை பேசினை நிரப்பித் திறந்து பார்த்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். நாசில் நுனிக்கு வெளியே அரை அங்குலம் பிதுங்கி நிற்கும்படி விட்டால் அதுவே காய்ந்து மூடியாகிவிடும். அடுத்த தடவை குறடால் பிடித்து இழுத்தால் தக்கை போல வரும். வராமல் உள்ளே இறுகிவிட்டால் நாசிலைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுங்கள். ட்யூபின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள், சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் அடுத்தது சமையலறை சிங்க். அங்கே ஒயிட் சிமெண்ட் வெடித்திருப்பதை அம்மா ஏற்கெனவே காட்டிவிட்டார்.